முட்டிவலி அம்மாவோடு ரோம்: மொரீஷியஸிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

ரோம் பயணக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு எல்லாம் இருபத்தைந்து வயதுக் கால்கள் போலிருக்கிறது. காலையில் கொலோசியம், மதியம் வத்திக்கான், சாயங்காலம் ட்ரெவி ஊற்று, இரவு டைபர் ஆற்றங்கரை என்று ஒரே நாளில் அடுக்கிவிடுகிறார்கள். எழுபது தாண்டிய, முட்டிவலி உள்ள, முட்டைகூடச் சாப்பிடாத அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் அந்த அட்டவணை எதற்கும் உதவாது. ரோஸ்ஹில்லில் எங்கள் கோயிலுக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் இப்போது ஐரோப்பா கிளம்புகிறார்கள், அதுவும் பெற்றோரோடு. எல்லாரும் கேட்பதால் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். விலைகள் நான் அறிந்தவரை. கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு விதி. ஒரு நாளைக்கு டிக்கெட் எடுத்துப் பார்க்கும் இடம் ஒன்றுதான், அதுவும் காலையில். சாப்பிட்டுவிட்டு அறைக்குத் திரும்பிக் கால் நீட்ட வேண்டும். வெயில் தாழ்ந்தபின் பக்கத்துத் தெருவில் மெதுவாக ஒரு நடை. இனி சொல்வதெல்லாம் இதை ஒட்டித்தான்.

எப்போது போவது? எங்களைப் போன்ற ஆசிரியர் வீடுகளுக்கு நீண்ட விடுமுறை ஆண்டுக் கடைசியில்தான். ரோமில் அப்போது குளிர்காலம்: பகலில் 12, 13 டிகிரி, இரவில் நான்குக்குக்கூட இறங்கும். நம் குளிர்காலமான ஜூலையில், மேட்டு ஊரான க்யூர்பீப்புக்குப் போகவே ஸ்வெட்டர் தேடுகிற நமக்கு இது கடுமைதான். ஆனாலும் ஜூலை, ஆகஸ்டில் 35 டிகிரிக்கு மேல் போகும் ரோம் வெயிலில் வயதானவர்களை நடக்கவைப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஐந்து மணிக்கு முன்பே இருட்டிவிடும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். டிசம்பர் 25 அன்று கொலோசியமும் வத்திக்கான் அருங்காட்சியகமும் மூடியிருக்கும், பஸ்ஸும் குறையும். அந்த நாளை ஓய்வுக்கு ஒதுக்கிவிட்டு, முந்தின நாளே சாப்பாட்டுச் சாமான் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மொரீஷியஸ் பாஸ்போர்ட் இருந்தால் விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை ஷெங்கன் நாடுகளில் (இத்தாலி, பிரான்ஸ் போல, தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகள்) இருக்கலாம். ஆனால் விசா இல்லை என்பதால் கேள்வியும் இருக்காது என்று நினைக்கக் கூடாது. திரும்பும் டிக்கெட், தங்குமிட முன்பதிவு, காப்பீடு மூன்றையும் காகிதத்தில் அச்சடித்து அம்மாவின் கைப்பையில் ஒரு படி, உங்களிடம் ஒரு படி வைத்திருங்கள். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் விரல்ரேகையும் முகப்படமும் எடுக்கும் புதிய முறை தொடங்கியிருக்கிறது; முதல் தடவை போகிறவர்களுக்கு அதில் நேரம் பிடிக்கும். விசா வேண்டாத நாட்டினருக்கு இட்டியாஸ் என்ற இணைய முன் அனுமதியும் வர இருக்கிறது. பயணத் தேதியில் அது நடைமுறைக்கு வந்துவிட்டதா என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் பாருங்கள். இடைத்தரகர் தளங்களில் பணம் கட்டாதீர்கள்.

பாரிஸ் வழியாகப் போனால் குடிவரவுச் சோதனை பாரிஸிலேயே முடிந்துவிடும், ரோமில் மறுபடி கிடையாது. அதனால் பாரிஸில் விமானம் மாற மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். துபாய், இஸ்தான்புல் வழி என்றால் ரோமில்தான் வரிசை. எந்த வழியாக இருந்தாலும் டிக்கெட் போடும்போதே சக்கர நாற்காலி உதவி கேட்டுவிடுங்கள், கட்டணம் கிடையாது. "நான் என்ன நோயாளியா?" என்று அம்மா முறைத்தார். நாற்காலி தள்ளிய பையன் எங்களையும் சேர்த்துத் தனி வழியில் கூட்டிப்போனதைப் பார்த்தபின் திரும்பும்போது அவரே கேட்டு வாங்கி உட்கார்ந்தார்.

பெட்டியில் என்ன வைப்பது என்பதில் நம் ஆட்களோடு பெரிய தகராறு வரும். டிசம்பர் என்றால் லிச்சிக் காலம். அங்கே இருக்கும் உறவுக்காரர் யாருக்காவது இரண்டு கிலோ கட்டிக்கொடுக்க ஒரு சித்தி கட்டாயம் வருவார். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் புதுப் பழம், இலை எதற்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். அன்னாசி, வாழைப்பழம், தேங்காய், பேரீச்சை, துரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு உண்டு. ஆக லிச்சியும் கறிவேப்பிலையும் வீட்டோடு நிற்கட்டும். பால் பொருளும் இறைச்சியும் அறவே கூடாது, நெய்யும் அதில் சேர்த்தி. பால்கோவாவை மறந்துவிடுங்கள். மசாலாத் தூள், ஊறுகாய், எண்ணெய் போட்டுச் சுட்ட தால் பூரி எல்லாம் தாராளமாகப் போகும். மசாவரு என்ற நம் மிளகாய் விழுது பாட்டிலை மட்டும் கைப்பையில் வைக்காமல், இரண்டு பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பெரிய பெட்டியில் வையுங்கள். நம் அளவுக்குக் காரம் போடாத ஊரில் அது தங்கத்துக்குச் சமம்.

மின்சாரம் நம்முடையதைப் போலவே 230 வோல்ட். செல்போன் சார்ஜரின் ஒல்லியான இரண்டு குச்சிப் பிளக் இத்தாலியில் எங்கும் நுழையும். ஆங்கிலேயர் விட்டுப்போன மூன்று தட்டைக் குச்சிப் பிளக் நுழையாது. தடித்த பிரெஞ்சுப் பிளக்கும் பழைய கட்டடங்களில் நுழையாது. குட்டி ரைஸ் குக்கர் எடுத்துப்போகிறவர்கள் அதன் பிளக்கை இப்போதே பார்த்து அடாப்டர் வாங்கிவிடுங்கள்.

உடை விஷயத்தில் அம்மாவோடு வாதாடிப் பயன் இல்லை, புடவைதான். அது ரோமுக்குப் பொருத்தம்கூட. தேவாலயங்களில் தோளும் முட்டியும் மூடியிருக்க வேண்டும், புடவைக்கு மேல் ஒரு சால்வை போர்த்தினால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். உள்ளே கம்பளி உள்ளாடை, காலில் கயிறு கட்டும் விளையாட்டு ஷூ, புடவையைக் கணுக்காலுக்கு மேல் நாலு விரல் தூக்கிக் கட்டுவது, இவ்வளவுதான் மாற்றம். பழைய ரோமின் தெருக்கள் முழுவதும் சம்பியெத்ரினி என்ற கருங்கல் பதித்தவை. மழை பெய்தால் வழுக்கும், இடைவெளியில் குதிகால் மாட்டும். தோல் செருப்பு வேண்டவே வேண்டாம். உள்பாவாடையில் ஜிப் வைத்த ஒரு பை தைத்துவிடுங்கள், பாஸ்போர்ட்டும் பணமும் அதில் இருக்கட்டும்.

தங்க இரண்டு பகுதிகளைச் சொல்வேன். ஒன்று வத்திக்கானுக்குப் பக்கத்துப் பிராத்தி: சமதரை, அகலமான நடைபாதை, மெட்ரோ ஏ வழி. வயதானவர்களுக்கு நல்லது, வாடகை கொஞ்சம் கூட. மற்றொன்று தெர்மினி ரயில் நிலையத்துக்குப் பக்கத்து எஸ்க்விலினோ. அழுக்கு, சத்தம் என்று சிலர் மூக்கைச் சுளிப்பார்கள். எனக்கு இதுதான் பிடித்தது, காரணம் சந்தை. பியாத்சா வித்தோரியோவுக்குப் பக்கத்தில் கூரை போட்ட எஸ்க்விலினோ சந்தையில் வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லி, பருப்பு, பாஸ்மதி எல்லாம் கிடைக்கும். வங்காளதேசத்துக் கடைக்காரர்கள் அதிகம். ஞாயிறு விடுமுறை. சமையலறை உள்ள வீடு எடுத்தால் இரவுச் சாப்பாட்டுக் கவலை விட்டது. எந்த வீட்டை எடுத்தாலும் "லிஃப்ட் உண்டா, வாசலிலிருந்து லிஃப்ட்டுக்கு எத்தனை படி" என்று எழுத்தில் கேளுங்கள். பழைய கட்டடங்களில் லிஃப்ட்டுக்குப் போகவே எட்டுப் படி ஏற வேண்டியிருக்கும். நகர வரி தனி: மூன்று நட்சத்திர ஓட்டலில் ஒரு இரவுக்கு ஆளுக்கு 6 யூரோ, பத்து வயதுக்குக் கீழ் இல்லை. முன்பதிவில் அது சேராமல் இருக்கும், வந்து கேட்டால் ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து தெர்மினிக்கு லியோனார்டோ எக்ஸ்பிரஸ் ரயில், சுமார் அரை மணி நேரம், ஆளுக்கு 14 யூரோ. நான்கு பேருக்கு 56 ஆகிறது. பழைய அவுரேலியன் மதிலுக்குள் எந்த முகவரிக்கும் வெள்ளை நிற அரசு உரிம டாக்சியின் நிலையான கட்டணம் 55 யூரோ, பெட்டிகளும் சேர்த்து, நான்கு பேர் வரை. கணக்கு நீங்களே பாருங்கள். எஸ்க்விலினோ மதிலுக்குள் இருக்கிறது. பிராத்தி வெளியே, அங்கே மீட்டர். வருகைக் கூடத்துக்குள்ளேயே "டாக்சி, டாக்சி" என்று காதோரம் வருகிறவர்களைத் தாண்டி வெளியே வரிசையில் நின்று, ஏறும் முன் தொகையைச் சொல்லி உறுதி செய்துகொண்டு ஏறுங்கள்.

ஊருக்குள் பஸ், டிராம், மெட்ரோவுக்கு 1.50 யூரோ டிக்கெட். 100 நிமிடம் செல்லும், மெட்ரோ ஒரு தடவைதான். வங்கி அட்டையைத் தொட்டும் ஏறலாம். காகித டிக்கெட் என்றால் பஸ்ஸில் இயந்திரத்தில் முத்திரை குத்த வேண்டும், இல்லாவிட்டால் டிக்கெட் வைத்திருந்தும் அபராதம். வேலைநிறுத்தம் அங்கே சாதாரணம், பெரும்பாலும் வெள்ளிக்கிழமை. முன்கூட்டியே அறிவிப்பார்கள். அன்றும் காலை எட்டரை வரையும் மாலை ஐந்திலிருந்து எட்டு வரையும் வண்டி ஓடும் என்பது உத்தரவாதம்.

சரி, பார்க்கும் இடங்கள். கொலோசியம் டிக்கெட் 18 யூரோ, பக்கத்தில் இடிபாடாக இருக்கும் பழைய நகரச் சதுக்கமான ஃபோரமும் பலத்தீன் குன்றும் சேர்த்து. அதிகாரபூர்வத் தளத்தில் 30 நாளுக்கு முன் விற்பனைக்கு வரும். பெயர் போட்ட டிக்கெட் என்பதால் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள். நம் நீளமான பெயர்களைச் சுருக்க வேண்டாம். உள்ளே மேல் அடுக்குக்கு லிஃப்ட் உண்டு. எல்லாரும் படிக்கட்டிலேயே ஏறுவதால் அது கண்ணில் படாது, ஊழியரிடம் கேட்க வேண்டும்.

ஃபோரம்தான் முட்டிக்கு எமன். இரண்டாயிரம் ஆண்டுத் தேய்ந்த பெரிய கற்கள், ஏற்றம் இறக்கம், உட்கார நிழல் குறைவு. அம்மாவை அதற்குள் கூட்டிப்போக வேண்டியதில்லை. கம்பிதோலியோ சதுக்கத்துக்குப் பின்னால், நகர மன்றக் கட்டடத்தின் ஓரத்திலிருந்து பார்த்தால் முழு ஃபோரமும் காலடியில் விரியும், காசும் இல்லை. சதுக்கம் வரை டாக்சியில் போய்விடலாம். அங்கிருந்து தூரத்தில் மூன்று பிரம்மாண்டமான வளைவுகள் தெரியும், அது மக்சென்சியஸ் மண்டபம், நான்காம் நூற்றாண்டு. அதன் அடியில் புதைந்திருப்பது டொமிஷியன் பேரரசர் முதல் நூற்றாண்டில் கட்டிய மிளகுக் கிடங்கு. பொன்னைக் கொண்டுவந்து கொட்டி யவனர் ஏற்றிப்போன நம் பக்கத்து மிளகு வந்து சேர்ந்த ஊர் இது. எந்த வழிகாட்டியும் இதை நின்று சொல்லவில்லை, அடிமைகளும் சிங்கமும்தான் அவர்களுக்குக் கதை. நான் அம்மாவிடம் சொன்னேன். "அவ்வளவு மிளகு வாங்கியும் சமைக்கத் தெரியலையே" என்றார்.

வத்திக்கானை ஒரே நாளில் முடிக்காதீர்கள். புனித பேதுரு பேராலயம் இலவசம், காலை ஏழு மணிக்குத் திறக்கும். அந்த நேரத்துக்கே போனால் பாதுகாப்புச் சோதனையில் வரிசை இருக்காது. எட்டரைக்குமேல் சதுக்கத்தைச் சுற்றி வரிசை வளரும். புதன்கிழமை காலையில் போப்பாண்டவர் மக்களைச் சந்திக்கும் நாள் என்பதால் வேண்டாம். மைக்கேலாஞ்சலோவின் பியெத்தா சிலை நுழைந்ததும் வலப்பக்கம். கோபுர மாடத்துக்கு மொத்தம் 551 படி. லிஃப்ட் எடுத்தாலும் 320 மிச்சம், குறுகலாகச் சாய்ந்து போகும். மகன் ஏறட்டும், நீங்கள் கீழே உட்காருங்கள்.

அருங்காட்சியகத்துக்கு வேறொரு நாள். அதன் வாசல் பேராலயத்துக்குப் பக்கத்தில் இல்லை, மதிலைச் சுற்றிப் போக வேண்டும், அம்மாவின் நடைக்கு அரை மணி நேரம். ஞாயிறு மூடல். மாதக் கடைசி ஞாயிறு மட்டும் இலவசமாகத் திறக்கும். கூட்டத்தை நினைத்தால் அந்த இலவசம் வேண்டாம். நீள நீளமான கூடங்களைக் கடந்துதான் கூரை ஓவியத்துக்குப் பேர்போன சிஸ்டைன் சேப்பலுக்கு வருவீர்கள். அங்கே சுவரோரம் பெஞ்சு உண்டு. இடம் கிடைக்கும் வரை நின்று, உட்கார்ந்து, தலையைச் சாய்த்துப் பாருங்கள். பேச்சும் படமெடுப்பும் கூடாது.

பேராலயத்தைவிட அம்மா கேட்டது சாந்தா மரியா மஜ்ஜோரே தேவாலயம். போப் பிரான்சிஸ் அடக்கம் அங்கேதான், 2025 ஏப்ரலில். 2019 செப்டம்பர் 9 அன்று, நம் தீவில் எல்லா மதத்தாரும் போற்றும் பாதிரியார் பெர் லவாலின் நாளில், அவர் போர்ட் லூயிஸ் வந்தது எங்கள் தெருவில் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. லவால் கல்லறை இருக்கும் சாந்த் குருவாவுக்கு மெழுகுவத்தி ஏற்றப் போகும் இந்துக்களில் அம்மாவும் ஒருவர். பிரான்சிஸின் கல்லறையில் பெயரைத் தவிர வேறு எழுத்து இல்லை. எஸ்க்விலினோவில் தங்கினால் இது நடந்து போகும் தூரம், பகல் முழுவதும் திறந்திருக்கும், மேலே ஐந்தாம் நூற்றாண்டு மொசைக். பக்கத்து வீட்டு மரியா அக்காக்களுக்கு ஜெபமாலை வாங்க வேண்டுமானால் வத்திக்கான் வாசலைவிட இந்தப் பக்கத்துக் கடைகளில் நிதானமாக வாங்கலாம்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு 5 யூரோ, உள்ளே படி இல்லை. கூரையின் நடுவில் ஒன்பது மீட்டர் அகல ஓட்டை. மழை பெய்தால் நேரே உள்ளே விழும், தரையில் இருக்கும் சிறு துளைகள் வழியாக ஓடிவிடும். மழை நாளை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பானியப் படிக்கட்டில் உட்கார 2019 முதல் தடை, அபராதம் உண்டு. உட்கார இடம் தேடினால் ஏதாவது ஒரு தேவாலயத்துக்குள் நுழையுங்கள். பன்னிரண்டரைக்கு மூடி மூன்றரைக்குத்தான் பல தேவாலயங்கள் திறக்கும். அதுதான் நீங்களும் அறைக்குப் போக வேண்டிய நேரம்.

இனி சாப்பாடு. சைவக்காரர்களுக்கு ரோம் வசதியான ஊர் என்று சொல்வார்கள். பாதி உண்மை. பாஸ்தா கேட்டால் காச்சோ எ பெபே வரும், பாலாடைக்கட்டியும் மிளகும் மட்டும். ஆனால் அதில் போடும் பெக்கொரினோ என்ற பாலாடைக்கட்டி ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் நொதியால் உறைய வைப்பது. அம்மாவிடம் இதைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் வீட்டு விவகாரம். நான் சொன்னேன், அன்றிலிருந்து அவருக்கு பிட்சா மரினாரா: தக்காளி, பூண்டு, ஓரிகானோ, எண்ணெய், பாலாடைக்கட்டியே கிடையாது. தெருவோரக் கடைகளில் கத்தரியால் வெட்டி எடைபோட்டு விற்கும் பிட்சாவில் உருளைக்கிழங்கும் ரோஸ்மேரியும் வைத்தது எல்லாருக்கும் பிடிக்கும், மசாவரு தொட்டால் இன்னும்.

ஏமாற்றுகிறவை சில: சுப்ளி என்ற வறுத்த சோற்று உருண்டைக்குள் பெரும்பாலும் கொத்திறைச்சிக் குழம்பு இருக்கும். பூசணிப் பூ பஜ்ஜியைப் பார்த்து அம்மா கை நீட்டுவார், அதற்குள் நெத்திலி. புந்தரெல்லே என்ற கீரையிலும் நெத்திலிச் சாறு. காய்கறி சூப், ரிசோத்தோ இரண்டிலும் எலும்பு வேகவைத்த நீர் சேரலாம். "சென்ட்ஸா கார்னே, சென்ட்ஸா பெஷே, சென்ட்ஸா உவோவா" என்று மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம். நம் பிரெஞ்சை மெதுவாகப் பேசினாலும் பாதி ஆட்களுக்குப் புரிகிறது.

ஒரு நல்ல வழி பழைய யூதர் குடியிருப்பு. யூத முறைப்படி இறைச்சியும் பாலும் ஒரே அடுப்பில் சேராது. ஆகவே அங்கே பால் உணவு மட்டும் விற்கும் கடைகளில் இறைச்சி எதிலும் கலந்திருக்க வழியே இல்லை. மீனும் முட்டையும் இருக்கலாம், அவற்றை மட்டும் கேளுங்கள். முழுக் கூனைப்பூவை (ஆர்டிசோக்) பூப்போல விரித்து எண்ணெயில் மொறுமொறுவென்று பொரிக்கும் கார்ச்சோஃபி அல்லா ஜூதியா அங்கேதான் சாப்பிட வேண்டும். குளிர்காலக் கடைசியும் வசந்தமும் அதற்குப் பருவம். வெள்ளி இரவும் சனிக்கிழமையும் யூத முறைக் கடைகள் மூடியிருக்கும்.

இரவு ஏழரைக்கு முன் அடுப்பு மூட்டாத ஊர், ஆகவே மதியம் பெரிய சாப்பாடாக இருக்கட்டும். கேட்காமல் வரும் ரொட்டிக்கும் பில்லில் காசு விழும். வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுங்கள். காபியை நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் இன்னொரு விலை. அம்மாவுக்கு அந்தக் கூடுதல் விலை கட்டலாம், ஏனென்றால் கடையின் கழிவறையும் அதில் சேர்த்தி. பொதுக் கழிவறை அபூர்வம், இருந்தாலும் காசு.

தண்ணீர் வாங்கவே வாங்காதீர்கள். தெருவெங்கும் நசோனே என்ற இரும்புக் குழாய்கள், சுமார் 2500, இரவும் பகலும் நல்ல குடிநீர் ஓடிக்கொண்டிருக்கும். குழாய் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சிறு துளையிலிருந்து பீறிட்டு வரும், குனியாமல் குடிக்கலாம். முட்டிவலிக்காரர்களுக்காகவே செய்ததுபோல.

திருட்டு பற்றி: தெர்மினியிலிருந்து வத்திக்கான் பக்கம் போகும் 64ஆம் எண் பஸ், மெட்ரோ ஏ, தெர்மினி எஸ்கலேட்டர். இந்த மூன்று இடத்திலும் பை முன்னால் இருக்கட்டும். தாலியும் சங்கிலியும் ரவிக்கைக்குள், மேலே கோட்டு. ரோஜாவை இலவசம் என்று கையில் திணிக்கிறவரிடமும், கயிறு கட்ட வருகிறவரிடமும், கொலோசியம் வாசலில் போர்வீரன் வேடத்தில் படமெடுக்கக் கூப்பிடுகிறவரிடமும் கை நீட்டாமல் நடந்துகொண்டே இருங்கள். அம்மா மரியாதைக்கு நின்று பதில் சொல்வார். கையைப் பிடித்து நீங்கள்தான் நகர்த்த வேண்டும்.

திரும்பும் நாளில், ஒரே கடையில் 70 யூரோவுக்கு மேல் வாங்கியிருந்தால் விலையில் சேர்ந்த வரியைத் திருப்பிக் கேட்கலாம். வாங்கும்போதே பாஸ்போர்ட் காட்டிப் படிவம் பெற்றிருக்க வேண்டும். பெட்டியை ஒப்படைக்கும் முன் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால் அதை மேலாக அடுக்குங்கள். இரவு விமானம் என்றால் காலையில் அறையைக் காலி செய்துவிட்டு நாள் முழுக்கப் பெட்டியோடு அலைய வேண்டாம். தெர்மினியில் பெட்டி வைக்கும் இடம் இருக்கிறது. ஆலிவ் எண்ணெய் புட்டிகளைப் புடவைகளுக்கு நடுவில் வைக்கும் முன் அம்மாவிடம் கேட்டுவிடுங்கள், பட்டு எது என்று அவருக்குத்தான் தெரியும்.